கடைசிப் பெட்டி

திருச்செந்தூர் பாசஞ்சரில் நாங்கள் இருவர்.
ஜன்னலோரம் கேப்டன் ஞானாயுதம்,
எழுபத்திரண்டு வயது, ரப்பர் செருப்பு,
மடியில் ஒரு துணிப்பை.
அதில் என்ன என்று நான் கேட்கவில்லை.

செய்துங்கநல்லூர் தாண்டும்போது அவர் உதடு அசைந்தது.
அடுத்தது நான்.
"தாதன்குளம்," என்றேன் மெதுவாக.
அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

எழுபத்தொன்று டிசம்பரில் பிடிபட்டோம்.
எதிரி லாரி வருவதற்குள்
தோளின் மூன்று நட்சத்திரங்களையும் பிய்த்து
மணலுக்குள் மிதித்துவிட்டார்.
அதிகாரி என்றால் தனிக் கொட்டடி, கட்டில், காலையில் தேநீர்.
சிப்பாய் என்றால் எங்களோடு சிமெண்டுத் தரை.

விளக்கில்லாத அறை. பதினொரு பேருக்கும்
ஆளுக்கொரு ஸ்டேஷன் கொடுத்தார்.
எனக்குத் தாதன்குளம். யாருமே இறங்காத ஊர் என்று
எல்லாரும் சிரித்தார்கள்.
சிவனணைஞ்சான் சொந்த ஊரையே கேட்டு வாங்கினான்:
குரும்பூர்.
பஞ்சாபி நாயக் பல்பீருக்கு ஆறுமுகநேரி;
பதினோரு மாதமும் "ஆருமுக் நெறி" என்றே சொன்னான்.
"நீங்க எந்த ஸ்டேஷன் சார்?"
"நான் கடைசிப் பெட்டிடே. பின்னாடி செவப்பு லைட்டு."

ராத்திரி சுவரில் மூன்று தட்டு. வண்டி கிளம்பிவிடும்.
இருட்டில் ஒவ்வொரு ஊராகக் குரல் கொடுக்கும்.
ஒரு ஊர் தாமதித்தால் வண்டி நிற்கும்,
அவன் அழுது முடிக்கட்டும் என்று.

ஏப்ரலில் பல்பீரை மட்டும் தனியாகக் கேட்டார்கள்.
அவன் வயர்லெஸ்காரன். போனால் திரும்ப மாட்டான்.
கேப்டன் தட்டைக் கவிழ்த்து வைத்தார்.
பதினொரு தட்டும் கவிழ்ந்தது.

சிவனணைஞ்சானுக்கு அப்போதே காய்ச்சல்.
"நீ தின்னு. இது ஆர்டர்," என்றார்.
அவன் தட்டை நிமிர்த்தி, ரொட்டியைக் காவலனிடம் நீட்டிவிட்டு,
மறுபடி கவிழ்த்தான்.
ஒன்பதாம் நாள் பல்பீரை விட்டுவிட்டார்கள்.
ஏழாம் நாள் ராத்திரியே
குரும்பூர் வந்தபோது பதில் வரவில்லை.

எல்லையில் எங்களை ஒப்படைத்த அன்று
ஒவ்வொருவராகக் கோட்டைத் தாண்டினோம்.
அவர் கடைசியில் வந்தார்.

பிறகு நாற்பது வருஷம், பாளையங்கோட்டையிலிருந்து
நாசரேத் ஆஸ்பத்திரி வரை ரயிலில் போவார்.
அதற்கு மேல் போனதில்லை.
போன வாரம் போன் பண்ணினார்: "வாறியாடே?"

குரும்பூரில் மூன்று பேர் இறங்கினார்கள்; நாங்களும்
ஒரு பலாப்பழக்காரரும்.
அக்காள் வாழையிலை அறுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.
கத்தியைக் கீழே வைக்கவில்லை.
எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.
"பசியோடயா போனான்?"

பொய் சொல்ல எவ்வளவோ வழி இருந்தது.
கேப்டன் எழுந்து நின்றார், அட்டென்ஷனில்,
ரப்பர் செருப்போடு.
"ஆமாம்மா. எல்லாரும் பட்டினி. நான் போட்ட உத்தரவு."
அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டார்.
நான் திறந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தார்,
பழைய பார்வை.

அவர் சொல்லை நான் மீறியது அன்றைக்குத்தான்.
"அக்கா, உங்க தம்பிய மட்டும் சாப்பிடத்தான் சொன்னாரு.
அவன்தான் கேக்கல."

இலை நறுக்கும் சத்தம் நின்றது.
"அவன் என்னைக்குச் சொன்னதக் கேட்டான்," என்றாள்.
கொஞ்சம் சிரித்தாள் போலவும் இருந்தது,
நிச்சயமாகச் சொல்ல முடியாது.

துணிப்பையிலிருந்து அலுமினியத் தட்டு வெளியே வந்தது.
அவள் அதன் நெளிவைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவி
முந்தானையால் துடைத்து
மடியில் வைத்துக்கொண்டு
அடுத்த இலையை எடுத்தாள்.

சாயங்கால வண்டி அரைமணி லேட்.
பிளாட்பாரத்தில் கேப்டன் பேசவே இல்லை.
என் மேல் கோபமா, தெரியவில்லை.
வண்டி வந்தது.
கைப்பிடியைப் பிடித்தவர், விட்டுவிட்டு விலகினார்.
"நீ ஏறு முதல்ல."